கிராப்: படத்தைச் செதுக்குறது, அதுவும் ஒரே அளவா

சேலத்துல டிசைன் வேலை செய்யறவங்க யாரைக் கேட்டாலும் "அந்த போட்டோவை கிராப் பண்ணிக் குடுங்க"ன்னுதான் சொல்வாங்க. செவ்வாய்ப்பேட்டைல கொலுசு கேட்லாக் போடறவங்க, பட்டுக்கடைக்கு பேனர் அடிக்கறவங்க, கல்யாண ஆல்பம் பண்ற ஸ்டூடியோக்காரங்க, எல்லாருக்கும் இதே சொல்தான். படத்தோட வேண்டாத ஓரத்தைக் கழிச்சுக் குடுங்கன்னு அர்த்தம், இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னுதான் பார்க்கப் போறோம். ஆனா கிராப்புங்கற சொல் கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தமிழ்ல பழகிப்போச்சுங்க. குடுமியை எடுத்துட்டு தலைமுடியைக் குட்டையா வெட்டிக்கிட்டா "கிராப்பு வெச்சுக்கிட்டான்"னு சொன்னாங்க, இன்னிக்கும் வயசானவங்க பேரனைப் பார்த்து "போய் கிராப்பு வெட்டிட்டு வாடா"ன்னு சொல்றதைக் கேட்கலாம். அந்தக் கிராப்பும் இந்தக் கிராப்பும் ஒண்ணுதான்.

பழைய ஆங்கிலத்துல இந்தச் சொல்லுக்கு செடியோட தலைப்பகுதி, கதிர்னு அர்த்தம், பறவையோட கழுத்துக்குக் கீழ இருக்கற இரைப்பைக்கும் அதே பேர்தான். அப்புறம் அந்தத் தலையை வெட்டறதே ஒரு வினையா ஆச்சு, கதிரை அறுத்து எடுத்த விளைச்சலுக்கு அந்தப் பேர் வந்துச்சு, வயல்ல நிக்கற பயிருக்கும் வந்துச்சு, ஆடு நுனிப்புல் மேயறதுக்கு, முடியைக் குட்டையா வெட்டறதுக்கு, அப்படியே வந்து அச்சுவேலைல போட்டோவோட வேண்டாத ஓரத்தைக் கழிக்கறதுக்கும் வந்து நின்னுடுச்சு. அதனாலதான் மெஷின் மொழிபெயர்ப்புல படத்துக்குப் பக்கத்துல "பயிர்"னு வந்து விழுது. ஆங்கிலத்துல ரெண்டும் ஒரே வேர்ல பிரிஞ்ச கிளைங்கதான், ஆனா தமிழ்ல பயிருக்கும் படத்தோட ஓரத்துக்கும் எந்த ஒட்டும் இல்ல, அதை அப்படியே விட்டா படிக்கறவங்க குழம்பிடுவாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? "வெட்டு"ன்னு சட்டுனு வாயில வரும், நான் வேண்டாம்னு சொல்வேன். மென்பொருள்ல வெட்டுங்கறது ஏற்கனவே "கட்"ங்கற கட்டளைக்குப் போயிடுச்சு, அதுவும் போக ரெண்டும் நேர் எதிர் வேலைங்க. கட் பண்ணா நீங்க தேர்ந்தெடுத்த பகுதி போயிடும், கிராப் பண்ணா தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் நிக்கும், சுத்தி இருக்கறதெல்லாம் போயிடும். "கத்தரி"க்கும் இதே சிக்கல். "நறுக்கு"ன்னா துண்டு துண்டாப் போடறது, ஒரு படத்தைப் பல துண்டாப் பிரிக்கற ஸ்லைஸுக்கு அது நல்லாப் பொருந்தும், அதுக்கே விட்டுடலாம்.

ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துல கவாத்துன்னு ஒரு அருமையான சொல் இருக்கு. அறுவடை முடிஞ்சதும் காஞ்ச கிளை, வேண்டாத கிளையெல்லாம் கழிக்கறது, செடி ரொம்ப உயரமாப் போகாம நுனியை வெட்டி மட்டுப்படுத்தறதும் உண்டு. பழைய ஆங்கிலச் சொல்லோட ஆதி அர்த்தத்துக்கு ரொம்பக் கிட்ட வர்றது இதுதான், ஆனா கவாத்து பண்றதே மறுபடி துளிர்க்கணும்னுதான், படத்துக்கு அது ஒத்துவராது.

எனக்குச் சரின்னு படறது "செதுக்கு". பல மென்பொருளோட தமிழ்ப் பதிப்புல இந்தச் சொல்தான் வருது. செதுக்குன்னதும் சிற்பிதான் ஞாபகத்துக்கு வர்றார், ஆனா வரப்பு செதுக்கறதுன்னு வயல்லயும் சொல்றோமே, மண்வெட்டியால ஓரத்துப் புல்லையும் மண்ணையும் சீவி வரப்பை நேராக்கறது. ஓரத்தைக் கழிச்சு உள்ள இருக்கறதை ஒழுங்காக் காட்டறது, கிராப்போட வேலையும் இதுதானே.

இப்ப "ஒரே அளவா"ங்கறதுக்கு வருவோம், குழப்பம் நிறைய இங்கதான். செதுக்கறது வேற, அளவு மாத்தறது வேற, பல படத்தை ஒரே சைஸுக்குக் கொண்டுவரணும்னா ரெண்டும் வேணும். ஒரு கொலுசு கேட்லாக்கையே எடுத்துக்கோங்க, எல்லாப் படமும் 1000-க்கு 1000 பிக்சல் (படத்துல இருக்கற சின்னப் புள்ளி) சதுரமா வேணும். போன்ல எடுத்தது 4000-க்கு 3000, கேமராவுல எடுத்தது 6000-க்கு 4000. நேரா 1000-க்கு 1000-னு இழுத்துவிட்டா வட்டமா இருக்கற கொலுசு முட்டையாயிடும், ஏன்னா அகலத்துக்கும் உயரத்துக்கும் இருக்கற பக்க விகிதம் மாறிப்போச்சு. முதல்ல விகிதத்தைச் சரி பண்ணணும்: போன் படத்துல ரெண்டு பக்கமும் 500 பிக்சல் கழிச்சா 3000 சதுரம், கேமரா படத்துல ரெண்டு பக்கமும் 1000 கழிச்சா 4000 சதுரம். அப்புறம் ரெண்டையும் 1000-க்கு சுருக்கணும்.

போட்டோஷாப்ல கிராப் டூலை எடுத்து மேல இருக்கற பட்டையில அகலம், உயரம், ரெசல்யூஷன் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்ங்கறது) மூணையும் அடிச்சு வெச்சுட்டா செதுக்கறதும் சுருக்கறதும் ஒரே தடவைல முடிஞ்சிடும், அடுத்த படத்துக்கும் அதே அளவு நிக்கும். கழிச்ச பிக்சலை அழிக்கற டிக்கை மட்டும் எடுத்துட்டு பிஎஸ்டியா (போட்டோஷாப்போட சொந்த ஃபைல் வகை) சேவ் பண்ணுங்க, அப்பதான் பின்னாடி செதுக்கற கட்டத்தை நகர்த்திக்கலாம். நூறு படம் இருக்குன்னு ஆக்‌ஷன் ரெக்கார்டு பண்ணி, அதாவது செய்யற வேலையை ஒரு தடவை பதிஞ்சு, பேட்ச்ல எல்லாப் படத்துக்கும் தானா ஓட விடறவங்க ரூலரோட அளவை பர்சென்ட்டுக்கு மாத்திட்டு ரெக்கார்டு பண்ணணும், பிக்சல்ல வெச்சா முதல் படத்துல கட்டம் இருந்த அதே இடத்தையே மத்த படத்துலயும் செதுக்கும், படங்க வேற வேற சைஸா இருந்தா மொத்தமும் கோணல். பர்சென்ட்ல வெச்சாலும் விகிதம் வேறயா இருந்தா சதுரம் வராது, அதனால போன் படத்தையும் கேமரா படத்தையும் தனித்தனி ஃபோல்டராப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனியா ரெக்கார்டு பண்ணி ஓட விடுங்க. அப்படியும் கண்ணால ஒரு தடவை பார்த்தே ஆகணும், கொலுசோட திருகு ஓரத்துல இருக்கும், கடைசி சலங்கை ஓரத்துல இருக்கும், பாதி போச்சுன்னா வாங்கறவங்களுக்கு மாடலே புரியாது. கட்டம் ஒரே அளவா இருந்து உள்ள ஒரு கொலுசு பெருசாவும் ஒண்ணு சின்னதாவும் தெரிஞ்சாலும் பக்கம் நல்லா இருக்காது, சுத்தி விடற வெள்ளை இடமும் ஒண்ணாவே இருக்கட்டும்.

கோரல்டிராங்கற டிசைன் மென்பொருள்ல படத்தை ஒரு வடிவத்துக்குள்ள போடற பவர்கிளிப்பையும் நிறையப் பேர் கிராப்னே சொல்றாங்க. அங்க எதுவும் போகலை, கட்டத்துக்கு வெளிய இருக்கறது மறைஞ்சுதான் இருக்கு, அதைச் "சட்டத்துக்குள்ள அடக்கறது"ன்னு தனியாச் சொல்றது நல்லது. அச்சடிச்ச காகிதத்தை எங்க வெட்டணும்னு காட்டற கோட்டை ஆங்கிலத்துல கிராப் மார்க்னு சொல்றதை நம்ம பிரஸ்ல கட்டிங் மார்க்னு சொல்வாங்க, அதுக்கு "வெட்டுக்குறி"ன்னே இருக்கட்டும், அங்க நிஜமாவே கத்தி இறங்கிக் காகிதம் வெட்டுப்படுது.

பேச்சுல கொண்டுவர்றது கஷ்டமே இல்லங்க. "எல்லாப் படத்தையும் சதுரமாச் செதுக்கி 1000-க்கு சுருக்கிக் குடுங்க"ன்னு சொன்னா எந்த டிசைனருக்கும் புரியும், "கிராப் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லி விட்டா எந்த விகிதம், எந்த அளவுன்னு திருப்பி போன் பண்ணிக் கேட்பார்.