கேனுலாவை எப்போது மாற்றுவது?

ரத்தநாளம் வழியாக மருந்து ஏற்றக் கையில் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் கேனுலா. அது ஒழுங்காக வேலை செய்தாலும், மூன்று நான்கு நாளுக்கொரு முறை கழற்றி வேறிடத்தில் புதிதாகக் குத்துவது பல மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கம். ஏன் என்று கேட்கும் நர்சிங் மாணவிக்கு, "இங்கே அப்படித்தான்" என்பதே பெரும்பாலும் பதில். சான்றின் வழியில் பணிபுரியக் கற்றுத்தர இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

முதலில் அந்த 'ஏன்' தேடக்கூடிய கேள்வியாக வேண்டும். யாருக்கு, எதைச் செய்தால், எதோடு ஒப்பிட, என்ன விளைவு? "கேனுலா போட்ட பெரியவர்களுக்கு, நாள் கணக்கில் மாற்றுவதைவிடக் கோளாறு தெரிந்தபின் மாற்றினால் ரத்தநாள அழற்சி கூடுமா?" இந்த ஒரு வரியை எழுதவைக்க ஒரு வகுப்பு முழுவதும் செலவானாலும் தகும். கேள்வி மங்கலாக இருந்தால், தேடும்போது ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவியும்.

தெளிவாகத் தேடினால் 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு கிடைக்கும். 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒன்றில் நாள் கணக்கிலும் மற்றதில் கோளாறு தெரிந்தபின்னும் கேனுலாவை மாற்றினார்கள். இரண்டிலும் அழற்சி 7 சதவீதம்தான். பிறகு எதற்கு வீணாக இன்னொரு குத்து?

இந்த இடத்தில் பாடத்தை முடித்தால் அது அரைகுறைப் பாடம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் நாள் கணக்கைக் கைவிட்டபோது, கேனுலா வழி ரத்தத் தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. இந்த ஆய்வு 2021இல் வெளியானது. ரத்தத் தொற்று மிக அரிது. சில ஆயிரம் பேரை வைத்து அதன் ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஜெனீவாவில் கணக்கிடப்பட்டவையோ நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்கள். ஆனால் அங்கே குலுக்கல் இல்லை, அதே காலத்தில் வேறு ஏதேனும் மாறியிருக்கலாம். இப்படி எடைபோடும் பழக்கம், மனப்பாடம் செய்த புள்ளியியல் சூத்திரங்களைவிட மாணவர்களுக்கு அவசியம் என்பேன்.

சான்று, பணியாளரின் அனுபவத் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர வேண்டும் என்று 1996இல் சான்றுவழி மருத்துவத்தின் முன்னோடியான டேவிட் சாக்கெட் குழுவினர் எழுதினார்கள். கோளாறு தெரிந்தபின் மாற்றும் முறை, கோளாறு கண்ணில் பட்டால்தான் பாதுகாப்பானது. ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டிலும் குத்திய இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். ரத்தநாளம் கிடைக்காமல் பல இடங்களில் குத்துப்பட்ட நோயாளியிடம், மறுபடி குத்துவதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டு, அதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.