பயம் ஏன் ஊருக்கு வந்ததும் திரும்புகிறது?

கிளிநொச்சியில் என்னிடம் விஞ்ஞானம் படித்த ஒரு பிள்ளை இப்போது புதுக்குடியிருப்புப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. போன மாதம் எழுதியிருந்தார்.

"சேர், அண்ணா 2011இல கனடா போனவர். போன புதுசில நித்திரையே இல்லை. பிறகு அங்க ஒரு டொக்டரிட்டப் போய், ஒரு வருசத்துக்கு மேல கதைச்சுக் கதைச்சு நல்லா வந்திட்டார். கனடா தினத்துக்கு வாணவேடிக்கை பாக்கப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவர். இந்த வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கெண்டு வந்தார். வந்து மூண்டாம் நாள் பக்கத்து வளவில புல்லு வெட்டுற மெஷினை ஸ்ரார்ட் பண்ணிச்சினம். அண்ணா கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திட்டார். அரை மணித்தியாலம் வெளியில வரேல்லை. கனடா வைத்தியம் சரிவரேல்லையா? மாமா செய்வினை எண்டுறார்."

கடிதத்தில் இன்னும் ஒரு பந்தி இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கனடா வைத்தியம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, பிள்ளை. அப்படியானால் அண்ணா ஏன் கட்டிலுக்குக் கீழே போனார் என்பதற்கான பதிலில்தான் நரம்பியலில் எனக்கு மிகப் பிடித்த விடயம் இருக்கிறது.

முதலில் அந்தச் சத்தம். 2008, 2009 இறுதிப் போரில் வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் 'வண்டு' என்றோம். வண்டு தலைக்கு மேல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் செல் என்கிற எறிகணை வரும், அல்லது கிபிர் போர் விமானம் வரும். செல்லைக் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தம் கேட்டு விழுகிற சத்தம் வருமுன் எத்தனை செக்கன் இருக்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளைகள் எண்ணினார்கள். அந்தச் செக்கன்களுக்குள் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் தப்பினார்கள். புல்லு வெட்டும் மெஷினின் சின்ன எஞ்சின் போடும் ரீங்காரம் வண்டுச் சத்தத்துக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

மூளையில் வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலா இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டது: இந்தச் சத்தம் என்றால் சாவு வருகிறது. சத்தம் காதில் பட்டதும், அது என்ன என்று நாம் யோசித்து முடிக்கும் முன்னரே அமிக்டலா சங்கு ஊதிவிடும். அட்ரினலின் பாயும், நெஞ்சு அடிக்கும், கால் ஓடத் தயாராகும். இவ்வளவும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். இது நோயே அல்ல. அந்த முடிச்சு இல்லாதவர்கள் அந்த மாசி, பங்குனி, சித்திரையைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதுதான் கேள்வி. அவிழ்வதே இல்லை என்பதுதான் பதில். இதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் நீங்கள் பத்தாம் வகுப்பில் படித்த அதே பாவ்லோவ். மணியும் நாயும் உமிழ்நீரும் புத்தகத்தில் இருக்கின்றன. வெள்ளக் கதை இல்லை.

1924 புரட்டாதியில் லெனின்கிராட் நகரில் நேவா ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. பாவ்லோவின் நாய்கள் கூடுகளுக்குள் அகப்பட்டுவிட்டன. தண்ணீர் ஏற ஏற, கூட்டின் கூரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நீந்தியிருக்கின்றன. கூட்டுக் கதவுகள் கீழ்ப்பக்கம் இருந்ததால், ஆய்வுகூட ஆட்கள் அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுத்தெடுத்தார்கள். பிழைத்த நாய்களில் சில மாறிப்போயின. கற்றிருந்ததெல்லாம் அவற்றுக்கு மறந்துபோனது. பொறுமையாகத் திரும்பப் பழக்கியதும் வாரக்கணக்கில் பழைய நிலைக்கு வந்தன. தேறிவிட்டன என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு ஒரு நாள் பாவ்லோவ், அறைக் கதவின் கீழ் இடுக்கால் கொஞ்சத் தண்ணீரை உள்ளே வழியவிட்டார். அந்தச் சின்ன நீரோட்டத்தைக் கண்டதுமே தேறிய நாய் மறுபடி குலைந்துபோனது.

முல்லைத்தீவுக் கரையில் 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு கடலுக்கு முதுகு காட்டி இருந்தவர்களை நினைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கதையை முதல் முறை வாசித்தேன். அன்றைக்கு வேறொன்றையும் வாசிக்க முடியவில்லை.

தேறிய நாயின் மூளையில் பழைய பயம் அழியவில்லை. 'தண்ணீர் என்றால் சாவு' என்று எழுதியிருந்த பக்கம் அப்படியே இருந்தது. பக்கத்தில் 'தண்ணீர் வந்தும் ஒன்றும் நடக்கவில்லை' என்று இன்னொரு பக்கம் எழுதப்பட்டது. இரண்டும் ஒரே கொப்பியில் இருக்கின்றன. குணமாவது என்று நாம் சொல்வது, இரண்டாவது பக்கம் முந்திக்கொண்டு திறப்பதைத்தான்.

அந்த இரண்டாவது பக்கம் மூளையில் எங்கே எழுதப்படுகிறது என்று 2002இல் இரண்டு பேர் காட்டினார்கள். முகமட் மிலாட், கிரெகொரி குவெர்க். எலிகளுக்கு ஒரு ஒலியைக் கேட்கவைத்து மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்துப் பயத்தைக் குறைத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி, சில நரம்புக்கலங்களில் மின்வாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்கிய நாளில் அந்தக் கலங்கள் சும்மா இருந்தன. மறுநாள் ஒலி கேட்டதும் படபடவென்று மின்துடிப்புகளை அனுப்பின. எந்த எலியில் அதிகமாகத் துடித்தனவோ அந்த எலிதான் குறைவாகப் பயந்தது. இன்னொன்றும் செய்தார்கள். பயம் குறைக்கப் பழக்காத எலிகளில், ஒலி கேட்கும் அதே கணத்தில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். அவற்றின் பயமும் குறைந்தது. அதாவது, நிம்மதி என்பது பயம் இல்லாமல் இருப்பதல்ல. அது மூளை செய்கிற ஒரு வேலை. நெற்றிப் பக்கத்திலிருந்து அமிக்டலாவுக்கு 'பொறு' என்று போகிற ஒரு உத்தரவு. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போகவேண்டிய உத்தரவு. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில்.

சரி, உத்தரவு எப்போது போகும், எப்போது போகாது? அங்கேதான் அண்ணாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மார்க் பூட்டன் 1970களின் கடைசியிலிருந்து இதையே துருவினார். ஒரு கூட்டில் வைத்து எலிக்குப் பயத்தைப் பழக்கு. வேறொரு கூட்டில் வைத்து, மணமும் தரையும் சுவரும் வேறு, அந்தப் பயத்தை முழுக்கக் குறை. பிறகு முதல் கூட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோ. பயம் திரும்பி வரும். பயத்துக்கு இடம் முக்கியமில்லை, எங்கும் கூடவே வரும். நிம்மதிக்குத்தான் இடம் வேண்டும், கற்ற இடத்தில்தான் அது நன்றாகக் கைகொடுக்கும். நாம் இப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்த்து எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று சொல்வது ஹிப்போகாம்பஸ், கடற்குதிரை வடிவில் மூளைக்குள் கிடக்கும் பகுதி. இயற்கையின் கணக்கில் இது நியாயம்தான். ஆபத்தை ஒரு தடவை மறந்தால் உயிர் போகும். பத்திரமாக இருக்கிறோம் என்பதை ஒரு தடவை மறந்தால் அரை மணித்தியாலம் கட்டிலுக்குக் கீழே கிடப்போம், அவ்வளவுதான்.

அண்ணாவின் நிம்மதி டொரொண்டோவில் எழுதப்பட்டது. குளிர், கண்ணாடி யன்னல், வேறு மொழி, தெருவிளக்கு. புதுக்குடியிருப்பின் சிவப்பு மண், பனை, மத்தியான வெக்கை, அதற்கு மேல் அந்த ரீங்காரம் — இவையெல்லாம் முதல் கூடு. ஹிப்போகாம்பஸ் சுற்றிப் பார்த்துப் பழைய பக்கத்தைத் திறந்துவிட்டது. வைத்தியம் தோற்கவில்லை, அது இந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு கவலையைச் சொல்லாமல் போக முடியவில்லை. குவெர்க் அந்த ஆய்வைச் செய்தது ஹார்வர்டில் அல்ல, போர்ட்டோ ரிக்கோத் தீவில் பொன்ஸே என்ற ஊரின் மருத்துவக் கல்லூரியில். ஒரு சின்னத் தீவின் சின்ன ஊர். வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் வடக்கில் உளமருத்துவராக இருந்து எழுதியவர். வன்னியில் காயப்பட்டது தனி ஆட்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே என்று 2010இல் எழுதினார். அந்த வேலையைத் தொடர எத்தனை இளையவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம்? வீதிக்குக் காசு வருகிறது, மண்டபத்துக்கு வருகிறது. 'நெஞ்சு படபடக்குது', 'தலைக்குள்ள ஏதோ ஓடுது', 'மனசு வெறுமையாக் கிடக்கு' என்று எங்கள் அம்மாமார் சொல்வதை அவர்களின் சொல்லிலேயே அளந்து பார்க்க ஒரு கேள்விக்கொத்து உருவாக்கக் காசு கேட்டால் வராது.

செய்வினை விடயத்துக்கு வருவோம். மாமாவோடு சண்டை பிடிக்கச் சொல்லமாட்டேன். திருநீறு போடுவதாலும் அம்மன் வாசலில் விளக்கு வைப்பதாலும் மூச்சு ஆறும், நாலு பேர் பக்கத்தில் நிற்பார்கள். தயா சோமசுந்தரமே சாந்தி ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் அவரவர் மந்திரத்தையும் வைத்தியமாகப் பயன்படுத்தியவர். ஆனால் செய்வினை எடுக்க என்று தாலிக்கொடியை அடகு வைக்கவைக்கிற ஆட்களை நான் மன்னிக்கமாட்டேன். அவர்கள் காசை மட்டும் எடுக்கவில்லை, 'யாரோ உனக்குத் தீங்கு செய்கிறான்' என்று இன்னொரு பயத்தையும் முடிச்சுப்போட்டு அனுப்புகிறார்கள். 'எல்லாத்தையும் மறந்திடு' என்கிற அறிவுரையும் எனக்குப் பிடிக்காது. மறந்து குணமாவது என்று மூளையில் ஒரு வழியே இல்லை. சத்தத்திலிருந்து ஓடிக்கொண்டே இருப்பவருக்கு இரண்டாவது பக்கம் எழுத ஒரு வரி கூடக் கிடைக்காது.

எழுதுகிற வழிகளில் ஒன்று எங்கள் பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்டது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு, தரையில் ஒரு கயிற்றை விரித்து, நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைத்து, பிறந்த நாளிலிருந்து வரிசையாக வாழ்க்கையைச் சொல்லவைக்கிற முறை. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் 6 அமர்வுகள். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வு, எது பெரிது என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கயிறு பிடித்திருக்கிறது. வண்டுச் சத்தம் தேதி இல்லாமல்தான் தலைக்குள் கிடக்கிறது, அதனால்தான் அது எப்போதும் 'இப்போது' நடக்கிறது. கல்லைக் கயிற்றில் வைத்ததும் அதற்கு முன்னும் பின்னும் வந்துவிடுகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது பக்கத்தில் எழுதுவது உண்மையாக இருக்கவேண்டும். ஆபத்து முடியாத இடத்தில் 'முடிந்துவிட்டது' என்று மூளைக்குக் கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் கூடாது. 2017 மாசி 20இலிருந்து கிளிநொச்சி வீதியோரம் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புவதை வைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களின் கல்லைக் கயிற்றில் எந்தத் தேதியில் வைப்பது? அதற்குப் பதில் வேறு இடத்தில் இருக்கிறது, வைத்தியசாலையில் இல்லை.

இப்போது அந்தக் கடைசிப் பந்தி.

"அடுத்த நாள் அம்மா அண்ணாட கையைப் பிடிச்சு, 'வா தம்பி, என்னெண்டு பாப்பம், வேண்டாமெண்டால் திரும்பி வருவம்' எண்டு வேலிப் பொட்டுக்கால அந்த வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. முதல்ல மெஷினை நிப்பாட்டி வைச்சே தொட்டுப் பாத்தார். பிறகு அவையள் தூரத்தில வைச்சு ஓடவிட்டினம். அதுக்கு அடுத்த நாள் அண்ணாவே கயிறை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினார். கை நடுங்கினது, ஆனா நிண்டார். அம்மா செய்தது பிழையோ சேர்?"

பிழையில்லை, பிள்ளை. அம்மா அவரைத் தள்ளவில்லை, திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போயிருக்கிறா. முதலில் சத்தமில்லாமல், பிறகு தூரத்தில், பிறகு அவர் கையாலேயே. பயிற்சி பெற்றவர்களும் இந்த ஒழுங்கில்தான் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை முதல் கூட்டிலேயே செய்திருக்கிறா, அதே மண்ணில், அதே வெக்கையில். அண்ணா நிற்கிற மிச்ச நாளிலும் தொடரட்டும், காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, வேறு வளவிலும் ஒரு தடவை. நித்திரை குழம்பினால், அல்லது அவர் வேண்டாம் என்றால், நிறுத்திவிட்டு முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். கனடா டொக்டருக்கும் எழுதச் சொல்லுங்கள், அவர் மீதியை அங்கிருந்து பார்ப்பார்.

அம்மாவுக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு எழுதுங்கள். அவ போருக்குப் பிறகு திரும்பி வந்து அதே வளவில்தான் இருக்கிறா. வண்டுச் சத்தத்தோடு அவ தனியாக என்ன செய்தா என்று எனக்குத் தெரியவேண்டும்.