மணலில் நிற்கும் நீரும் கோல்ஃப் மைதானப் புல்தரைப் பணியும்

வேளாண்மைப் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் வாசகர் ஒருவர், கோல்ஃப் மைதானம் ஒன்றின் வேலைவாய்ப்பு அறிவிப்பைப் படித்துவிட்டுக் கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். புல்தரைப் பராமரிப்பாளர் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு மண் இயற்பியல், பாசன முறைகள், பூஞ்சை நோய்கள் ஆகியவற்றில் அடிப்படை அறிவு வேண்டும் என்று அந்த அறிவிப்பில் கண்டிருந்ததாம். புல் வெட்டும் வேலைக்கு மண் இயற்பியல் எதற்கு என்று அவர் கேட்கிறார். இதற்கான விடை, அந்தப் புல்லுக்கு அடியில் பரப்பப்பட்டிருக்கும் 30 சென்டிமீட்டர் மணலில் இருக்கிறது.

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள, பந்தை உருட்டி ஆடும் பகுதியைக் கிரீன் என்பார்கள். அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டுமே. பெரும்பாலான செடிகளை நாள்தோறும் இப்படி வெட்டினால் அவை பிழைக்க மாட்டா. புல்லின் வளர்நுனி தரையை ஒட்டிய அடித்தண்டில் இருப்பதாலும், இலை தன் அடிப்பகுதியிலிருந்தே நீள்வதாலும், மேலே எத்தனை முறை வெட்டினாலும் அது மீண்டும் வளர்கிறது. குளிர்ந்த பகுதிகளில் பென்ட் புல்லும், வெப்பமான பகுதிகளில் நம் அருகம்புல்லும் அதன் ஆப்பிரிக்க உறவினமும் சேர்ந்து உருவான கலப்பினங்களும் இதற்குப் பயன்படுகின்றன. ஆனால் இலைப்பரப்பு இவ்வளவு குறைந்துவிட்டால் ஒளிச்சேர்க்கையும் குறைகிறது. வேருக்குச் செல்லும் சர்க்கரை குறைவதால் வேர் ஆழமாக இறங்குவதில்லை. ஆகவே, இந்தப் புல்லுக்கு நீர் எப்போதும் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நீரை நன்றாகப் பிடித்து வைக்கும் களிமண், ஆட்டக்காரர்களின் காலடியிலும் இயந்திரங்களின் எடையிலும் விரைவில் இறுகிவிடும். அதிலுள்ள காற்றுவெளிகள் மூடிக்கொள்ள, வேர்கள் மூச்சு முட்டி அழுகும். மணல் எளிதில் இறுகுவதில்லை, ஆனால் பெய்த மழை அதன் வழியே நழுவிப் போய்விடும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பல ஆண்டுகள் பராமரித்த டாம் மோரிஸ், 19ஆம் நூற்றாண்டிலேயே கிரீன்களின் மேல் மணலைத் தூவிப் புல்லைச் செழிக்க வைத்தவர் என்று பெயர் பெற்றவர். இருப்பினும், மணலின் நற்குணத்தையும் நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலையும் ஒரே தரையில் சேர்க்கும் வழி பின்னாளில்தான் வகுக்கப்பட்டது. 1920இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் புல்தரை ஆய்வுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. அதன் ஆய்வுகளின் விளைவாக 1960இல் கிரீன் கட்டுமானத்துக்கான விதிமுறை வெளியாயிற்று. சில திருத்தங்களுடன் அது இன்றும் உலகின் பல பகுதிகளில் பின்பற்றப்படுகிறது.

அந்த அமைப்பைச் சொல்வது எளிது. மேலே 30 சென்டிமீட்டர் மணல், அதற்குக் கீழே 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதற்கும் கீழே வடிகால் குழாய்கள். மணலில் குறைந்தது 60 விழுக்காட்டுத் துகள்கள் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும். இதைக் கேள்விப்படும் எவரும், சரளைக்கல் இருப்பதால் நீர் இன்னும் வேகமாக வடிந்துவிடும் என்றே எண்ணுவார்கள். உண்மையில் நடப்பது இதற்கு நேர் எதிரானது: மணலின் ஊடே இறங்கி வரும் நீர், சரளைக்கல்லின் விளிம்பை அடைந்ததும் நின்றுவிடுகிறது. கீழே அகன்ற வெற்றிடம் திறந்து கிடக்கிறது, புவியீர்ப்பு இழுக்கிறது, தடுப்பதற்கு எந்தச் சுவரும் இல்லை, ஆயினும் நீர் இறங்குவதில்லை. மண் இயற்பியலில் என்னை இந்த அளவுக்கு மகிழ்வித்த நிகழ்வு வேறொன்றும் இல்லை.

நுண்புழை ஏற்றத்தைப் பள்ளியில் படித்திருப்போம். மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால், பரப்பு இழுவிசையாலும் கண்ணாடியின் மேல் நீருக்குள்ள கவர்ச்சியாலும் நீர் தானாக மேலேறும். குழாய் எவ்வளவு குறுகலோ, ஏற்றம் அவ்வளவு அதிகம். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நீர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரும். ஆரம் 1 மில்லிமீட்டர் ஆனால் ஒன்றரை சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மணல் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. சரளைக்கற்களுக்கு இடையிலுள்ளவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை அல்லது அதனினும் அகன்றவை.

குறுகிய துளையில் பிடிபட்டிருக்கும் நீரின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். மணல் அந்த நீரை எல்லாத் திசைகளிலும் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது என்று இதற்குப் பொருள். அந்நீர் சரளைக்கல்லின் அகன்ற வெளிக்குள் நுழைய வேண்டுமானால், எல்லைக்கோட்டில் அதன் அழுத்தம் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்தின் அளவுக்கு உயர்ந்தாக வேண்டும். அந்த உயர்வைத் தரக்கூடியது மேலே சேரும் நீரின் எடை ஒன்றுதான். ஆகவே மணலின் அடிப்பகுதியில் உள்ள துளைகள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. முற்றிலும் நீரால் நிறைந்த ஒரு படலம் அங்கே உருவாகிறது. அந்த நீர்த்தம்பத்தின் உயரம் மணல் தாங்கக்கூடிய எல்லையைக் கடந்த பிறகே முதல் துளி சரளைக்கல்லுக்குள் விழுகிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்கு வெகு மேலே, கற்களின் தலைமேல் நிற்கும் இந்த நீரைத் தொங்கு நீர்மட்டம் என்கிறார்கள்.

இதில் வியப்பூட்டுவது, இந்த அமைப்பு எந்தக் கருவியும் இன்றித் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வதுதான். கனமழை பெய்து மேலிருந்து நீர் இறங்கினால், எல்லையில் அழுத்தம் உடனே உயர்ந்து, மிகுதியான நீர் முழுவதும் சரளைக்கல்லின் வழியே குழாய்களுக்குள் ஓடிவிடுகிறது; மணிக்கு 150 மில்லிமீட்டர் நீரையாவது உள்வாங்கிக் கடத்தும் மணலாக இருக்க வேண்டும் என்பது விதி. மழை நின்று மிகுதி வடிந்ததும் ஓட்டம் தானாகவே நின்று, முன்பிருந்த அதே அளவு நீர் மீண்டும் தங்கிவிடுகிறது. திறந்து மூடும் அடைப்பான் இல்லை, மின்சாரம் இல்லை, உணர்கருவி இல்லை. மணலின் துகள் அளவும் அடுக்கின் உயரமும் சரியாக அமைந்துவிட்டால் இயற்பியல் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது.

உயரம் ஏன் 30 சென்டிமீட்டர் என்பதை, பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவ ஸ்பாஞ்சைக் கொண்டு எவரும் புரிந்துகொள்ளலாம். அதை நீரில் நன்கு ஊறவைத்து, படுக்கைவாட்டில் பிடித்தபடி சொட்டுவது நிற்கும் வரை காத்திருந்துவிட்டு, பிழியாமல் மெல்ல நெடுக்குவாட்டில் நிமிர்த்தினால், மீண்டும் நீர் சொட்டத் தொடங்கும். ஸ்பாஞ்சும் அதன் துளைகளும் மாறவில்லை. உயரம் மட்டுமே கூடியிருக்கிறது. அடியில் தங்கும் நிறைநீர்ப் படலத்தின் தடிமனைத் துளைகளின் அளவே தீர்மானிக்கிறது என்பதால், உயரமான தம்பத்தில் அந்தப் படலம் சிறு பங்காகவும், தாழ்ந்த தம்பத்தில் பெரும் பங்காகவும் அமைகிறது. மணலடுக்கு 20 சென்டிமீட்டராக இருந்தால் நிறைநீர் மேற்பரப்பை நெருங்கி வேர்கள் மூழ்கும்; 45 சென்டிமீட்டராக இருந்தால் மேற்பகுதி வறண்டு போகும். அதனால்தான் கட்டுமானத்தின்போது அடுக்கின் உயரத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது என்று வற்புறுத்துகிறார்கள்.

பூந்தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எத்தனை பேரிடம் வேரூன்றியிருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கற்களுக்கு மேலே தொங்கு நீர்மட்டம் உருவாகி, மண்ணின் உயரமும் குறைந்துவிடுவதால், ஈரம் வேருக்கு இன்னும் அருகில் வந்து சேர்கிறது. அரை மணி நேரச் சோதனையில் பொய்த்துப்போகும் ஒரு கருத்து, தோட்டக்கலைக் குறிப்புகளில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்று வருவது எனக்கு வருத்தம் அளிக்கிறது.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன அமைப்பு, கட்டி முடித்த நாளிலிருந்தே சீர்கெடத் தொடங்குகிறது. உதிர்ந்த தண்டுகளும் மடிந்த வேர்களும் மேற்பரப்பில் மட்கிச் சேர்ந்து துளைகளை நுண்மையாக்குகின்றன. கீழே நிற்க வேண்டிய நீர் மேலேயே நிற்க ஆரம்பிக்கிறது. ஈரமான மெத்தை போன்ற அந்த அடுக்கில் பூஞ்சைகள் பெருகுகின்றன. கிரீன் பராமரிப்பில் நாம் காணும் வேலைகளில் பாதி இதை எதிர்த்து நடப்பவை. குழல் வடிவ ஊசிகளால் தரையைத் துளைத்து மண்ணைச் சிறு உருளைகளாக வெளியே எடுப்பதும், அந்தத் துளைகளில் மணலை நிரப்புவதும், மெல்லிய மணல் படலத்தை அடிக்கடி தூவித் தேய்ப்பதும் அழகுக்காகச் செய்யப்படுபவை என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவை துளைகளின் அளவைக் காப்பதற்கான வேலைகள். தூவும் மணல், அடியிலுள்ள மணலோடு துகள் அளவில் ஒத்துப்போகாவிட்டால் புதியதோர் எல்லைக்கோடு தோன்றி, வேண்டாத உயரத்தில் நீர் தங்கிவிடும். மண் இயற்பியல் அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்யும் இந்தத் தவறு, பல ஆண்டுகளுக்குப் புல்தரையை நோயாளியாக்கிவிடும்.

சரிவான கிரீன்களில் தொங்கு நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நகர்வதால் மேட்டுப்பகுதி முதலில் வாடும். தெளிப்பானை முடுக்கிவிட்டால் மேடும் பள்ளமும் சேர்ந்து நனையும், பள்ளத்தில் நோய் வரும். தேர்ந்த பராமரிப்பாளர் கையடக்க ஈரமானியைத் தரையில் குத்தி, இடத்துக்கு இடம் ஈரத்தின் விழுக்காட்டை அளந்து, வாடும் பகுதிக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்து நீர் விடுவார். நீரைச் சேமிக்கும் இந்தத் திறமைக்கு வேலைச் சந்தையில் மதிப்பு இருக்கிறது.

பணியில் சேர்பவர் தொடக்கத்தில் விடியலுக்கு முன்பே வந்து, பனித்துளியைத் துடைப்பது, உருளைவெட்டி இயந்திரத்தால் புல் வெட்டுவது, மணற்குழிகளை வாருவது, 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியை வேறிடத்துக்கு மாற்றி வெட்டுவது போன்ற வேலைகளைச் செய்வார். இதற்குப் பட்டம் கேட்பதில்லை. பருவகாலப் பணியிடங்களாகவும் இவை அறிவிக்கப்படுகின்றன. இங்கிருந்து கிளைகள் பிரியும். மருந்து தெளிப்பவருக்குப் பல நாடுகளில் உரிமம் கட்டாயம். இயந்திரப் பணியாளர், சுழலும் கத்திக்கும் அடித்தகட்டுக்கும் இடையிலான நெருக்கத்தை, ஒரு தாள் துண்டு சுத்தமாக வெட்டுப்படும் அளவுக்குத் திருத்தி வைக்க வேண்டும். கத்தி மழுங்கினால் இலை கிழிந்து அதன் வழியே நோய் புகும். பாசனப் பணியாளர், தெளிப்பான்களின் கீழ்க் கிண்ணங்களை வைத்து நீர் சீராக விழுகிறதா என்று அளப்பவர். புதைந்த குழாய்களை வளைந்த கம்பிகளைக் கையில் ஏந்தித் தேடும் பழக்கம் இந்தத் தொழிலில் இன்னும் சிலரிடம் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் அம்முறை தற்செயலான ஊகத்தை விஞ்சியதில்லை என்பதால், வரைபடத்தையும் மின்காந்தக் கருவியையும் நம்பும்படி இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன்.

துணை மேலாளர், மைதான மேலாளர் ஆகிய மேல்படிகளில்தான் அந்த அறிவிப்பில் கண்ட படிப்புகள் முழுமையாகத் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் 1927 முதலே புல்தரைப் பராமரிப்பாளர்களுக்குக் குளிர்காலப் பாடத்திட்டம் நடந்து வருகிறது. 1926இல் தொடங்கிய அமெரிக்க மைதானக் கண்காணிப்பாளர் சங்கமும், 1987இல் உருவான பிரிட்டன் சங்கமும் தகுதிச் சான்றிதழ்களோடு வேலைவாய்ப்பு அறிவிப்புகளையும் வெளியிடுகின்றன. வேளாண்மை, தாவரவியல், மண்ணியல் படித்தவர்கள், களத்தில் சில பருவங்கள் உழைத்த அனுபவத்தோடு விண்ணப்பித்தால் அவர்கள் முன்னணியில் நிற்பார்கள். படிப்பை மட்டும் காட்டி நேரே மேற்பதவி கேட்பவர்களுக்கு இந்தத் துறையில் இடம் கிடைப்பது அரிது.

புல்தரை ஆய்வைச் செல்வந்தர்களின் கேளிக்கைக்கான ஆய்வு என்று ஒதுக்குவோர் உண்டு. கோல்ஃப் மைதானங்கள் பருகும் நீரின் அளவைப் பற்றிய அவர்களின் கவலை நியாயமானது. அந்தக் கவலையே ஆய்வுக்கு முதன்மையான காரணமாகவும் அமைய வேண்டும் என்பது என் கருத்து. நுண்மணலுக்குக் கீழே பருமணல் இருந்தால் நீர் இறங்காது என்ற இதே கோட்பாட்டைக் கொண்டுதான், கழிவுக் கிடங்குகளின் மேல் மழைநீர் உட்புகாதபடி மூடுபடலங்கள் அமைக்கிறார்கள். விளையாட்டு அமைப்புகளின் நிதியிலேயே பெரிதும் இந்த ஆய்வுகள் நடந்தால், ஆட்டத்துக்குப் பயன்படும் கேள்விகளே கேட்கப்படும். பொதுநிதியும் ஓரளவு வந்தால், உப்பு நீரிலும் சுத்திகரித்த கழிவுநீரிலும் வளரும் புல் வகைகள், பள்ளி விளையாட்டுத் திடல்களின் மண் நலம் போன்றவற்றுக்கும் விடை தேட முடியும்.

வாசகர் அந்தப் பணிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், நேர்காணலில் அவரும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்: கிரீன்கள் எந்த ஆண்டு, எந்த முறையில் கட்டப்பட்டவை, தூவும் மணல் ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறதா, ஈர அளவீடுகள் பதிவு செய்யப்படுகின்றனவா, தெளிப்புப் பணிக்குரிய பாதுகாப்பு உடைகளையும் உரிமப் பயிற்சிக்கான செலவையும் நிர்வாகம் ஏற்கிறதா. முதல் மூன்றுக்கும் தெளிவான பதில் வைத்திருக்கும் மேலாளரிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், வேறு அறிவிப்பைத் தேடுவது நல்லது.