நிறம் மாறாத காகிதம்: பிடித்தவர்மேல் புகார் வரும்போது மனம் என்ன செய்கிறது?

1992ல் வெளிவந்த ஓர் ஆய்வு. பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைக் கூப்பிட்டு, உங்கள் உடம்பில் ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம், குறைவாக இருந்தால் பின்னாளில் நோய் வர வாய்ப்பு அதிகம் என்று சொன்னார்கள். சோதனை ரொம்ப எளிது. ஒரு மஞ்சள் காகிதத் துண்டை எச்சிலில் நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேரிடம் "நிறம் மாறினால் நல்லது" என்றார்கள், மீதிப் பேரிடம் "நிறம் மாறினால் கெட்டது" என்றார்கள். உண்மையில் அது வெறும் காகிதம். யாருக்கும் எந்த நிறமும் மாறாது. ஆனால் மாறாததே கெட்ட செய்தி என்று நினைத்தவர்கள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு அதிக நேரம் காத்திருந்தார்கள், பலர் மறுபடியும் நனைத்துப் பார்த்தார்கள். மாறாததே நல்ல செய்தி என்று நினைத்தவர்கள் சீக்கிரமே "சரி, முடிந்தது" என்று எழுந்துவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு நான் பள்ளி நாட்களிலிருந்து கேட்டு வந்த ஒரு பாடகர்மேல் ஒரு பெண் புகார் சொன்னார். பெயர் இங்கே வேண்டாம். செய்தியைப் படித்து முடிப்பதற்குள் எனக்குள் மூன்று கேள்விகள் வரிசை கட்டி நின்றன: ஆதாரம் இருக்கா? இத்தனை வருஷம் ஏன் சொல்லல? யாராவது தூண்டி விட்டிருப்பாங்களோ? கிட்டத்தட்ட அதே சமயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு நடிகர்மேலும் புகார் வந்தது. அதைத் தலைப்பைப் பார்த்ததுமே நம்பிவிட்டேன். இரண்டு செய்திகளிலும் இருந்த விவரங்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒன்றுக்கு மட்டும் காகிதத்தை மறுபடி மறுபடி நனைத்துக்கொண்டிருந்தேன். இதை நானே கண்டுபிடித்தபோது உண்மையாகவே வெட்கமாக இருந்தது, அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உளவியலாளர் தாமஸ் கிலோவிச் இதை அழகாகப் பிரித்துச் சொல்கிறார். நமக்கு வேண்டிய செய்தி வந்தால் "இதை நம்பலாமா?" என்று கேட்கிறோம், வேண்டாத செய்தி வந்தால் "இதை நம்பித்தான் ஆகணுமா?" என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஒரே ஒரு காரணம் கிடைத்தால் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு ஆதாரம் வந்தாலும் ஏதாவது ஓர் ஓட்டை கண்ணில் படும். ஸிவா குண்டா 1990ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்னொன்றையும் சேர்க்கிறது: மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவதில்லை. நாலு பேர் ஒத்துக்கொள்ளும்படியான காரணம் ஒன்று கையில் இருந்தால்தான் நம்புவார்கள். அதனால்தான் ஒரு ரசிகர் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். ஆதாரம் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, கேட்கத்தான் வேண்டும். யாரிடம் கேட்கிறோம், யாரிடம் கேட்காமல் விடுகிறோம் என்பதில்தான் மனசு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

கண்ணால் நேரில் பார்த்தால் மட்டும் இது சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1951ல் அமெரிக்காவில் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் கல்லூரி அணிகளுக்கு இடையே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் (நம் ஊர் கால்பந்து இல்லை) நடந்தது. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிறகு ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இருவர் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, டார்ட்மவுத் அணி எத்தனை முறை விதி மீறியது என்று எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படம்தான். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் எண்ணினார்கள்.

சரி, நேரில் ஒருமுறைகூடப் பேசியிராத ஒரு நட்சத்திரத்துக்காக மனசு ஏன் இவ்வளவு பாடுபடுகிறது? தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில், 1956ல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஒரு புது விஷயத்தைக் கவனித்தார்கள். திரையில் வருபவர் கேமராவைப் பார்த்து, நம்மைப் பார்ப்பதுபோலவே சிரிக்கிறார், பேசுகிறார், தினமும் அதே நேரத்துக்கு வருகிறார். பார்ப்பவருக்கு அவர் மெல்ல மெல்லப் பழகிய மனிதராகிவிடுகிறார். அவருக்கோ நாம் இருப்பதே தெரியாது. இந்த ஒருதலை உறவுக்கு பாராசோஷியல் உறவு என்று பெயர் வைத்தார்கள். உறவு ஒருதலையாக இருக்கலாம், அதில் நமக்குள் எழும் பாசம் நிஜம்தான். ஒருவர் குரலைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்திருப்போம், அவர் பாட்டை வைத்துத்தான் ஒரு பிரிவைக் கடந்திருப்போம்.

அதற்குமேல் ஒளிவட்ட விளைவு என்று ஒன்று இருக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் 1920ல் எழுதியது: ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்கு மதிப்பெண் போட்டபோது, ஒரு குணத்தில் உயர்வாகத் தெரிந்தவருக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற குணங்களிலும் உயர்வாகவே போட்டார்கள். 1977ல் நிஸ்பெட், வில்சன் இருவரும் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். ஒரே ஆசிரியரை இரண்டு வீடியோ எடுத்தார்கள், ஒன்றில் அன்பாகப் பேசுவார், இன்னொன்றில் சிடுசிடுவென்று பேசுவார். அன்பான வீடியோவைப் பார்த்த மாணவர்களுக்கு அவருடைய தோற்றமும் உச்சரிப்பும் பிடித்தன, மற்றவர்களுக்கு அதே தோற்றமும் அதே உச்சரிப்பும் எரிச்சலூட்டின. அவர்மேல் இருந்த அபிப்பிராயம்தான் இதற்குக் காரணம் என்பது மாணவர்களுக்கே தெரியவில்லை. "அவரா? அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை" என்று ஒரு ரசிகர் அடித்துச் சொல்லும்போது நடப்பதும் இதுதான். அவருக்குத் தெரிந்தது ஒரு குரல், ஒரு சிரிப்பு, மேடையில் காட்டிய பணிவு. மூடிய அறைக்குள் அந்த மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் இவற்றை வைத்து மனசே நிரப்பிக்கொள்கிறது.

இப்போது புகார் வருகிறது. "இவர் நல்லவர்", "இவர் தப்பு செய்திருக்கலாம்" என்ற இரண்டும் ஒரே தலைக்குள் உட்கார முடியாமல் இடிக்கின்றன. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957ல் இதை முழுக் கோட்பாடாகவே எழுதினார்: இப்படி இரண்டு எண்ணங்கள் மோதினால் அது பசி மாதிரி ஒரு தொந்தரவு, ஏதாவது ஒன்றை மாற்றும்வரை ஓயாது. புகாரை ஒதுக்கலாம், தப்பைச் சிறிதாக்கலாம், அல்லது அந்த மனிதரையே மனதிலிருந்து இறக்கலாம். மூன்றாவதுதான் வலி அதிகம், அதனால் மனசு கடைசியாகத்தான் அங்கே போகும். இவற்றுக்கு நடுவே இன்னொரு வழியும் உண்டு என்று 2013ல் பட்டாச்சார்ஜி, பெர்மன், ரீட் என்ற மூவர் காட்டினார்கள். "செய்தது தப்புதான், ஆனா ஆட்டம் வேற, ஆள் வேற" என்று இரண்டையும் பிரித்துவிடுவது. இதில் தப்பை நியாயப்படுத்த வேண்டியதில்லை என்பதால் மனசாட்சி உறுத்துவதும் குறைவு. தொழிலுக்குள்ளேயே நடந்த தப்பாக இருந்தால் மட்டும் இந்தப் பிரிவினை சரியாக ஒட்டாது. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுத்ததை 2013ல் ஒப்புக்கொண்ட பிறகு, "அதை விடுங்க, சைக்கிளை எப்படி ஓட்டினார் பாருங்க" என்று யார் சொல்ல முடியும்?

ரசிகனின் சொந்த அடையாளமும் இதில் சிக்கியிருக்கிறது. 1976ல் ராபர்ட் சியால்டினியும் குழுவினரும் செய்த ஆய்வில், கல்லூரி அணி ஜெயித்த வாரங்களில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பறையில் அதிகமாகத் தென்பட்டன. ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்", தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க" என்ற பேச்சும் அதிகம். நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் நாமும் கொஞ்சம் நின்றிருக்கிறோம், ஆகவே அவர்மேல் விழும் சேறு நம்மேலும் தெறிக்கிறது. சிலர் அந்தச் சேற்றைத் துடைக்கப் போராடுகிறார்கள். சிலர் மற்ற எல்லோரையும்விடக் கடுமையாக அவரைத் திட்டி, தாங்கள் வேறு என்று காட்டிக்கொள்கிறார்கள். நேற்றுவரை சுவரில் படம் ஒட்டியிருந்தவர் இன்று ஆகக் கோபமாக இருப்பது இதனாலும் இருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ரசிகனின் மனசுக்குள் நடப்பது. இதற்கான விலையை வேறு ஒருவர் கொடுக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1966ல் மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் இருவரும் செய்த சோதனையில், ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுக்கப்படுவதாக மாணவிகள் நம்பினார்கள். உண்மையில் அதிர்ச்சி எதுவும் இல்லை, அவர் நடித்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வழி இருந்தபோது மாணவிகள் அவரை அவ்வளவாகக் குறை சொல்லவில்லை. அவருடைய துன்பம் தொடரப் போகிறது, தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனபோது அவரைப் பற்றி மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமான இடம் என்று நம்ப நமக்கு ஆசை. காரணமில்லாமல் ஒருத்தி துன்பப்படுவது அந்த நம்பிக்கையை உடைக்கிறது, ஆகவே காரணத்தை அவளிடமே தேடுகிறோம். என்ன உடுத்தியிருந்தாள், ஏன் அங்கே போனாள், அப்புறம் ஏன் அவரோடு சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் இது கைகொடுக்கிறது. ஜெனிஃபர் ஃபிரைட் 1997ல் ஒரு வரிசையைப் பெயரிட்டுச் சொன்னார்: முதலில் மறுப்பது, பிறகு புகார் சொன்னவரைத் தாக்குவது, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று இடத்தை மாற்றிக்கொள்வது. மறுப்பவர் எல்லோரும் குற்றவாளிகள் என்று இதற்கு அர்த்தமில்லை, நிரபராதியும் மறுக்கத்தான் செய்வார். ஆனால் சாரா ஹார்சியும் ஃபிரைடும் 2020ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வரிசையில் வந்த பதிலைப் படித்தவர்களுக்குப் புகார் சொன்னவர்மேல் நம்பிக்கை குறைந்தது. இப்படி ஓர் உத்தி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களிடம் அதன் பாதிப்பு அவ்வளவாக இல்லை. இந்த ஆய்வு எனக்கு உண்மையிலேயே தெம்பு கொடுத்தது.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்ற கேள்விக்கு வருகிறேன். பல நேரங்களில் சொல்லியிருக்கிறார்கள், நாம் கேட்கவில்லை. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பி மேல் ஒரு பெண் 2005 ஜனவரியிலேயே போலீசில் பாலியல் புகார் கொடுத்தார். அரசு வழக்கறிஞர் வழக்குப் போடவில்லை. அந்தப் பெண் தொடுத்த சிவில் வழக்கில் தங்களுக்கும் நேர்ந்ததைச் சொல்லப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தயாராக இருந்தார்கள், பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. 2006ல் சமரசம். அதோடு ஊர் மறந்தது. 2014 அக்டோபரில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் மேடையில் அதைச் சொன்ன வீடியோ பரவியபோதுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. எல்லாமே ஏற்கனவே பொதுவில் இருந்த விவரங்கள். 2015 ஜூலையில் நியூயார்க் பத்திரிகை தன் அட்டையில் 35 பெண்களை நாற்காலிகளில் உட்கார வைத்துப் படம் போட்டது, கடைசியில் ஒரு காலி நாற்காலியும் இருந்தது. காஸ்பி எல்லாவற்றையும் மறுத்தார். 2018ல் வந்த குற்றத் தீர்ப்பை, வழக்குப் போடமாட்டோம் என்று முந்தைய அரசு வழக்கறிஞர் கொடுத்திருந்த உறுதியைக் காரணம் காட்டி பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021ல் ரத்து செய்தது. பிரிட்டனில் ஜிம்மி சாவில் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் 2011ல் கொண்டாடப்பட்டவராகவே இறந்தார். 2013ல் காவல்துறையும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் அவர்மேல் பாலியல் புகார் சொல்ல 450 பேர் முன்வந்ததாக இருந்தது.

முதலில் பேசுபவர் தனியாக எல்லா அடியையும் வாங்க வேண்டும், பத்தாவது ஆளுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆகவே ஒவ்வொருவரும் இன்னொருவர் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பார்கள், ஒருவர் வாய் திறந்ததும் பலர் ஒன்றாக வருவார்கள். இதை வெளியிலிருந்து பார்க்கும் ரசிகனுக்கு அது சதி மாதிரித் தெரியும். ஆனால் ஒருவரையொருவர் அறியாத பலர், செய்தி வெளிவருவதற்கு முன்பே தங்கள் நண்பர்களிடமோ வீட்டிலோ ஒரே மாதிரியான நடத்தையைச் சொல்லியிருந்தால், அத்தனையும் தற்செயலாகப் பொய்யாக இருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு குரலுக்கும் சுருங்கிக்கொண்டே போகும். பார்க்க வேண்டியது அந்தத் தனித்தன்மையை. ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னதா, இல்லை தானாக வந்ததா என்பதை. பொய்ப் புகார்களே கிடையாதா என்றால், உண்டு. 2010ல் டேவிட் லிசாக்கும் குழுவினரும் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகளில் பதிவான 136 பாலியல் புகார்களை ஆராய்ந்ததில் 8 பொய் என்று தெரிந்தது, அதாவது 5.9 சதவீதம். மீதி எல்லாமே நிரூபிக்கப்பட்டவை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஒரு புகாரைக் கேட்டதுமே பொய்யாகத்தான் இருக்கும் என்று தொடங்குவதற்கும் இந்த எண் இடம் தரவில்லை.

இணையத்தில் கோபம் பெருகுவதைப் பற்றிச் சுருக்கமாக. 2021ல் பிராடி, கிராக்கெட் குழுவினர் ட்விட்டரில் 7,331 பேர் எழுதிய 1.27 கோடி பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆவேசமாக எழுதியதற்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள், அடுத்த முறை இன்னும் ஆவேசமாக எழுதினார்கள். ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இரண்டு பக்கமும் இதே பயிற்சிதான் நடக்கிறது, நிதானமாக "இன்னும் பார்க்கலாம்" என்று எழுதியவருக்கு யாரும் லைக் போடுவதில்லை.

இப்போதெல்லாம் ஒரு புகார்ச் செய்தி வந்தால் பெயரை மாற்றி ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். பிடித்தவரின் பெயர் இருக்கும் இடத்தில் பிடிக்காதவரின் பெயரை வைத்து. பல தடவை கேள்விகள் மாறிவிடுகின்றன, சில தடவை மாறாமல் அப்படியே நிற்கின்றன, அப்படி நிற்கும் கேள்வியைத்தான் கேட்கத் தகுந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

என் பாடகர் மேலான விசாரணை இன்னும் முடியவில்லை. போன வாரம் அவருடைய பழைய பாட்டு ஒன்று வரிசையில் தானாக ஓடியது, நான் நிறுத்தவில்லை. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் அவர் குரல் லேசாகத் தழுதழுக்கும். இருபது வருடமாக அதைக் கேட்கும்போதெல்லாம் இவ்வளவு நல்ல மனசு உள்ளவர் என்று நினைத்திருக்கிறேன். இந்த முறை நன்றாகப் பழக்கப்பட்ட ஒரு குரலாக மட்டும் கேட்டது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது.