போர்ட்: துறையா, வாயிலா?

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடையில் ‘இதுல எத்தனை போர்ட் இருக்கு?’ என்று கேட்கிறவரே, செல்போன் கடைக்குப் போனால் ‘நம்பரை போர்ட் பண்ணணும்’ என்பார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றும் லாரிக்காரருக்கு போர்ட் என்றால் துறைமுகம். ஒலி ஒன்றுதான், வந்த வழி மூன்று.

லத்தீனில் போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டஸ் என்றால் துறைமுகம், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்வது. மூன்றும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. 2011 ஜனவரியில் இந்தியா முழுக்க வந்த எண் மாற்றும் வசதி, சுமந்து செல்லும் போர்ட். கணினியில் இருப்பது வாயில் வழி வந்த போர்ட். கோட்டை வாயிலைக் குறித்த சொல், பிறகு கப்பலின் பக்கவாட்டில் பீரங்கி நீட்டும் திறப்பையும், எஞ்சினில் நீராவி போய்வரும் துளையையும் குறித்தது. கடைசியில் மின்குறிகைகள் போய்வரும் இடத்துக்கும் அதுவே பெயரானது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கணினிப் போர்ட்டைத் ‘துறை’ என்கின்றன. வேர் பார்ப்பவர்கள், இது துறைமுகப் பொருளாயிற்றே என்று தள்ளக்கூடும். எனக்கு அது பிடித்த சொல். கடலுக்கு மட்டுமா துறை? ஆற்றில் இறங்குகிற, கரையேறுகிற இடமெல்லாம் துறைதான். நம் மாவட்டத்துப் பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கப் படகு ஏறுகிறோமே, அந்த இடமும் துறை. போவதும் வருவதும் அங்கேதான். ஒரே சிக்கல், வருவாய்த் துறை, மின்துறை என்று அரசு அலுவலகங்கள் அந்தச் சொல்லை நிறைத்துவிட்டன. ‘துறையில் கோளாறு’ என்றால் யாருக்கும் கணினி நினைவுக்கு வராது.

அதனால் என் கணக்கு இது: கையால் ஒயரைச் செருகுகிற போர்ட்டுக்குச் ‘செருகுவாய்’. வாய்க்கால், வாயில் எல்லாவற்றிலும் இருக்கிற அதே வாய், பார்த்ததும் புரியும். கண்ணுக்குத் தெரியாமல் மென்பொருளில் எண்ணாக மட்டும் இருக்கும் 80, 443 போன்ற போர்ட்டுகளுக்குத் ‘துறை எண்’. அங்கே குழப்பம் வராது.

சரி, இனி வரப்போகும் டெஸ்க்டாப்பில் எந்தச் செருகுவாய்கள் நிலைக்கும்? 1987இல் வந்த, மானிட்டரை இணைக்கும் 15 ஊசி விஜிஏ விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 2014இல் வந்த யூஎஸ்பி டைப்-சி எல்லா இடத்தையும் பிடிக்கப் பார்க்கிறது. 24 முனைகள், எப்படித் திருப்பிச் செருகினாலும் சேரும். படம், தரவு, மின்சாரம் மூன்றும் ஒரே ஒயரில் போகும். 2024இல் வந்த ஆப்பிளின் சின்ன டெஸ்க்டாப்பான மேக் மினியில் பழைய அகலமான யூஎஸ்பி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் டைப்-சி தரக்கூடிய மின்சாரம் 240 வாட் வரைதான். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேபினெட்டுக்கு அது போதாது; அதன் தடித்த பவர் கார்டு அப்படியே இருக்கும். நெட்வொர்க் ஒயரைச் செருகும் லேன் செருகுவாயும் போகாது. மேசையை விட்டு நகராத கருவிக்கு ஒயர் ஒரு சுமையே இல்லை.

அகலமான யூஎஸ்பியும் இன்னும் பல ஆண்டு பின்பக்கத்தில் இருக்கும் என்றே நினைக்கிறேன். இருக்கவும் வேண்டும். இளம்பிள்ளைப் பக்கம் எலக்ட்ரானிக் ஜக்கார்டு (டிசைன் நெய்யும் கருவி) பூட்டிய தறிகளுக்குச் சேலை டிசைன் பென்டிரைவில் போகிறது. கைரேகைக் கருவி, பில் போடும் பிரிண்டர், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று கடைகளில் ஓடுகிற பலவற்றின் முனையும் அந்த அகல வடிவம்தான். கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டைச் செய்கிறவர்கள் அழகுக்காக அதை எடுத்துவிட்டால், செலவு சின்னக் கடைக்காரர் தலையில்தான் விழும்.

இன்னும் பழையது 9 ஊசி சீரியல் செருகுவாய். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளி லாரியை நிறுத்தும் எடைமேடைகளில், எடை காட்டும் பெட்டியிலிருந்து கணினிக்கு எண் போவது பெரும்பாலும் அதன் வழியே. புதுக் கணினியின் பின்பக்கத்தில் அதைக் காணோமே என்று உடனே யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றித் தரும் ஒயர் வாங்க ஓட வேண்டாம். பல மதர்போர்டுகளின் ஓரத்தில், இரண்டு வரிசையாக, பத்து ஊசிக்கான இடத்தில் ஒன்று மட்டும் குறைந்து ஒரு சின்ன ஊசிக்கட்டு நிற்கும். பக்கத்தில் ‘காம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அதில் ஒரு பட்டை ஒயரைச் செருகி மறுமுனையைக் கேபினெட்டின் பின்னால் பூட்டினால் செருகுவாய் தயார். வாங்கும் முன் மேனுவலில் அந்த ஊசிக்கட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.