கார்புரேட்டர்

இன்ஜினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலந்து தரும் பாகம். பட்டறைப் பேச்சில் கார்ப்ரேட்டர். லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. அதிலிருந்து பிறந்த 'கார்புரெட்' பழைய வேதியியலில் கார்பன் சேர்மத்தைக் குறித்தது. மோட்டார் வண்டிக்கு முன்பே, நிலக்கரி வாயு விளக்கின் சுடரைக் கூட்ட அந்த வாயுவில் எரியும் ஆவியை ஏற்றிய கருவிக்கும் இதே பெயர்தான்.

தமிழில் 'எரிவளி கலப்பி' என்று சொல்லலாம். ஆனால் எரிவளி என்றதும் கேஸ் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். 'எரிபொருள் கலப்பி' குழப்பமில்லாதது. உள்ளே நடப்பதும் கலப்பதுதான்: குறுகிய குழாயில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது, ஜெட் என்ற சிறு துளையுள்ள பித்தளைப் பாகம் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்.

பாகம் குறைவு, அதனால் பழுதும் குறைவு என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. வண்டியைச் சில வாரம் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படியும். ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கு, பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் சிறியது, முதலில் அடைவது அதுதான். காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் ஓடும், ஐட்லிங்கில் அணையும். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் ஊசி தேய்ந்தால் பெட்ரோல் வழியும். ஊட்டி ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து கலவையில் பெட்ரோல் கூடிவிடும். தானாகத் திருத்திக்கொள்ள இதற்குத் தெரியாது.

இதற்கு மாற்றாக வந்த எரிபொருள் செலுத்தி, அதாவது எஃப்.ஐ., சென்சார்களைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும். பம்ப், இன்ஜெக்டர், இ.சி.யூ. என்ற கட்டுப்பாட்டுக் கணினி, வயரிங் என்று பாகங்கள் கூடுதல். இருந்தும் அன்றாடம் தொல்லை குறைவு. ஆனால் பேட்டரி அடியோடு இறங்கினால் பம்ப் ஓடாது. தள்ளினாலும் பல வண்டிகள் கிளம்பா.

ஆக, அடிக்கடி கெடாமல் இருப்பது வேறு, கெட்டால் வழியிலேயே சரிசெய்ய முடிவது வேறு. இரண்டாவதில்தான் கார்புரேட்டருக்கு வெற்றி. பெட்ரோல் டேப்பை மூடி, அடிக்கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றி, ஜெட்டை எடுத்துக் காற்றடித்தால் பெரும்பாலும் தீர்ந்தது. கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தக் கூடாது. பித்தளைத் துளை அகன்றால் மைலேஜ் போய்விடும். பிறகு ஐட்லிங் கலவையை அமைக்கும் காற்றுத் திருகை மெதுவாக முழுதும் உள்ளே திருப்பி, ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து, இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங் பார்த்து நிறுத்த வேண்டும்.