‘சராசரிக்குக் கீழே’ என்று காட்டும் கிராபிக்ஸ் கார்டு

கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர்களில் பலர் அதைப் பொருத்திய கையோடு, வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் ஒரு பெஞ்ச்மார்க் சோதனையை ஓட்டிப் பார்க்கிறார்கள். முடிவு ‘சராசரிக்குக் கீழே’ என்று வந்துவிட்டால், கார்டு பழுது என்று தீர்மானித்த பிறகே கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள். அப்படி என்னிடம் வருபவற்றில் பெரும்பாலான கார்டுகளில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. மதிப்பெண் குறைந்ததற்கான காரணம் கார்டுக்கு வெளியே எங்கேனும் இருக்கும்; அல்லது, ஒப்பிட்ட சராசரியே அந்தக் கணினிக்குப் பொருந்தாததாக இருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது, அது யாருடைய சராசரி என்பது. 3டிமார்க் போன்ற சோதனைகளின் முடிவைத் தேடிச் சென்று ஒப்பிடுகிறவர்களில், கார்டின் வேகத்தைக் கூட்டி ஓட்டுபவர்களும் உயர்தரக் குளிரூட்டல் வைத்திருப்பவர்களும் கணிசமானோர். அவர்களோடு சேர்த்துக் கணக்கிட்ட சராசரிக்கு, பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓடும் கார்டு சற்றுக் கீழே நிற்பது இயல்பு. ஒரே கணினியில் ஒரே சோதனையை அடுத்தடுத்து ஓட்டினாலே மதிப்பெண் ஓரிரண்டு சதவீதம் ஏறி இறங்கும். சில தளங்கள் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, அதே கார்டை வைத்திருப்பவர்களிடையே உங்கள் இடம் எது என்று காட்டும். அங்கே இன்னும் கவனம் தேவை. நூறு பேரில் எழுபதாவதாக வந்தவருக்கும் முப்பதாவதாக வந்தவருக்கும் இடையிலான உண்மையான வேக வித்தியாசம் மிகச் சிறியதாக இருக்கலாம்.

அடுத்து, மொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு கிராபிக்ஸ் மதிப்பெண்ணைத் தனியே பார்க்க வேண்டும். 3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனையில் மொத்த மதிப்பெண் என்பது கிராபிக்ஸுக்கு 85 சதவீதமும் பிராசஸருக்கு 15 சதவீதமும் எடை கொடுத்துக் கணக்கிடப்படும் இசைச் சராசரி; அதாவது, இரண்டில் குறைவானது மொத்தத்தைக் கூடுதலாகக் கீழே இழுக்கும் கணக்கு. கிராபிக்ஸ் மதிப்பெண் 8,700 என்றும் பிராசஸர் மதிப்பெண் 8,000 என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 8,590 வரும். அதே கார்டைப் பிராசஸர் மதிப்பெண் 4,000 மட்டுமே பெறும் பழைய கணினியில் பொருத்தினால் மொத்தம் 7,400 அளவுக்கு இறங்கிவிடும். கார்டு இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. ராமை ஒற்றைக் குச்சியாகப் போட்டிருப்பதும் பிராசஸர் பக்கத்தைத்தான் முதலில் இழுத்துப் பிடிக்கும்.

கிராபிக்ஸ் மதிப்பெண்ணே குறைவு என்றால், கார்டின் பெயரை மட்டும் நம்பி ஒப்பிடக் கூடாது. இதில் அதிகம் ஏமாறுபவர்கள் லேப்டாப் வைத்திருப்பவர்கள். என்விடியாவின் டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் மின்வரம்பு, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவு, 170 வாட். அதே எண்ணைத் தாங்கிய லேப்டாப் சிப்பை 60 முதல் 115 வாட் வரை எந்த அளவில் ஓட்டுவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். கணக்கிடும் அலகுகளான குடா கோர்கள் லேப்டாப் சிப்பில் 3,840, டெஸ்க்டாப் சிப்பில் 3,584. கோர்கள் கூடுதலாக இருந்தும் மின்சாரம் போதாமல் லேப்டாப் சிப் பின்தங்குகிறது. ஆகவே 80 வாட் லேப்டாப்பை வைத்துக்கொண்டு 115 வாட் லேப்டாப்பின் மதிப்பெண்ணை எதிர்பார்ப்பதில் பயனில்லை. டெஸ்க்டாப்பிலும் பெயர்க் குழப்பம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகையில், சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு செல்லும் நினைவகப் பாதையின் அகலம் 192 பிட், பிறகு வந்த 8 ஜிபி வகையில் 128 பிட்தான். என்விடியாவின் மலிவு கார்டான ஜிடி 1030 இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ள வகை நொடிக்கு 48 ஜிபி தரவைக் கையாளும்போது, டிடிஆர்4 வகை 16.8 ஜிபியோடு நின்றுவிடுகிறது. இவற்றை ஒரே பெயரில் விற்றது, என் பார்வையில், வாங்குபவருக்குச் செய்த அநியாயம்.

கார்டு எந்த ஸ்லாட்டில், எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, மதர்போர்டோடு கார்டை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை மதர்போர்டில் அது சமாளித்துக்கொள்ளும். மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் அந்தத் தடங்களின் வேகம் பாதியாகிவிடுவதால், 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் தடுமாறும். இன்டெல் ஆர்க் கார்டுகள், மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் ‘ரீசைசபிள் பார்’ (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி) இயக்கப்படாவிட்டால் வெகுவாகப் பின்தங்கும். இணைப்பு வேகத்தை ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். கணினி சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரத்தைச் சேமிக்க அந்த வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், சுமை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே மென்பொருளின் சென்சார் பக்கத்தில், என்விடியா கார்டுகளுக்கு, வேகம் ஏன் இதற்கு மேல் ஏறவில்லை என்ற காரணமும் வரும். எனக்கு மிகவும் பயன்படும் வரி அதுதான். மின்வரம்பு என்று காட்டினால் பெரும்பாலும் கார்டு வடிவமைத்தபடியே ஓடுகிறது. வெப்பம் என்று காட்டினால்தான் பெட்டியைத் திறக்க வேலை இருக்கிறது. வெப்பம் ஏற ஏற என்விடியா கார்டுகள் வேகத்தைச் சிறு சிறு படிகளாக இறக்கிக்கொண்டே வரும். அறையின் வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். ஆகவே மே மாத மதியத்தில் மின்விசிறிக் காற்றில் எடுத்த மதிப்பெண்ணை, குளிர்நாட்டில் ஒருவர் எடுத்த மதிப்பெண்ணோடு நேருக்கு நேர் வைப்பது சரியாகாது. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கில் தூசி அடைத்திருந்தாலோ, பழைய கார்டில் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தாலோ சுத்தம் செய்து புதிதாகப் பூசிய பின் வித்தியாசம் தெரியும்.

மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பது, லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் சோதிப்பது, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் நொடிக்கு இத்தனை பிரேம்கள்தான் என்று வரம்பு விதித்திருப்பது ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பவர் சப்ளையை மாற்றச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. திறன் போதாத பவர் சப்ளை, சுமை ஏறும்போது பொதுவாகக் கணினியை அணைத்துவிடும் அல்லது மறுதொடக்கம் செய்யும். மதிப்பெண்ணைச் சீராகப் பத்து சதவீதம் குறைத்துவிட்டுச் சும்மா இருப்பது அரிது.

மதிப்பெண் பாதிக்கும் கீழே போய், மேற்சொன்ன எதுவும் பொருந்தாத இடத்தில், குறிப்பாகக் கார்டு பழையதாகவோ நம்பமுடியாத மலிவு விலையிலோ வாங்கப்பட்டிருந்தால், அது உண்மையிலேயே அந்தக் கார்டுதானா என்று சந்தேகப்பட வேண்டும். 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளுக்குள் பதிந்திருக்கும் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது இணையச் சந்தைகளில் நடந்திருக்கிறது. இத்தகைய என்விடியா போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டும் வசதி 2018 முதல் ஜிபியு-இசட்டில் இருக்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2,304 ஸ்ட்ரீம் பிராசஸர்களுக்கு (ஏஎம்டி கோர்களுக்கு)ப் பதிலாக 2,048 மட்டும் உள்ள கார்டும் கைமாறுகிறது. அது போலியல்ல, ஏஎம்டி நிறுவனமே வெளியிட்ட வேறொரு வகை. எனவே பழைய கார்டு வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்பே ஜிபியு-இசட் திரையின் படத்தை விற்பவரிடம் கேட்டுப் பெற்று, கோர்களின் எண்ணிக்கை, நினைவக வகை, நினைவகப் பாதையின் அகலம் ஆகிய மூன்றையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் விற்பவரின் கணினியிலேயே கார்டை ஓடவிட்டு நேரில் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.